நின்று கொல்லும் நஞ்சு



அரசன் அன்று கொல்வான், தெய்வம் நின்று கொல்லும் என்பது பழமொழி. நஞ்சிலும் இவ்விரு வகை உண்டு. அன்றே கொல்லும் நஞ்சை அறிவது எளிது. நின்று கொல்லும் நஞ்சை அறிய விஞ்ஞானிகள் எவ்வாறு கற்றனர் என்பதே இன்று நான் கூறவிருக்கும் வரலாறு.

பம்பிள் தேனீ என்பது குளிர்நாடுகளில் வாழும் பருத்த, மயிரடர்ந்த தேனீ. இமயமலையிலும் உண்டு, நம் தமிழ்நாட்டுச் சமவெளியில் இல்லை. இளவேனிலில் ஓர் அரசித் தேனீ உறக்கம் நீங்கி எழுந்து, எலி கைவிட்ட வளை போன்ற இடத்தில் தனியாகவே கூடமைக்கும். கோடை முடிவில் புதிய அரசிகள் பிறக்கும். குளிர் வந்ததும் ஏனைய தேனீக்கள் யாவும் மடிய, புதிய அரசிகள் மட்டுமே மண்ணுள் உறங்கி மறு ஆண்டைக் காணும். அரசி பிறவாத கூட்டுக்கு மறு ஆண்டு இல்லை.

நஞ்சு தந்த பின் 48 மணி நேரத்தில் பாதித் தேனீக்கள் மடியும் அளவு எது எனக் கணக்கிடுவதே நெடுங்காலம் வழங்கிய சோதனை. அதுவும் தேனுக்காக வளர்க்கும் தேனீக்கே நடந்தது. 1990களில் இமிடாகுளோபிரிட் என்னும் மருந்து பரவியது. விதையில் பூசினால் அது செடியின் சாற்றில் ஏறி, மகரந்தத்திலும் பூந்தேனிலும் மிகச் சிறு அளவில் சேரும். அதனை உண்ட தேனீ அன்று சாவதில்லை. நாள்தோறும் சிறிது உண்கிறது. பிரான்சில் தேனீ வளர்ப்போர் முறையிட்டதன்மேல், சூரியகாந்தி விதைக்கு இம்மருந்தைப் பூசுவது 1999இல் நிறுத்திவைக்கப்பட்டது.

இங்கே என் பணிக்காலப் பிழையொன்றைச் சொல்லிவிடுகிறேன். மாதத் தேர்வுதோறும் தேறிவந்த மாணவன் ஒருவனுக்கு, 'தேறினான்' என்றே எழுதிவந்தேன். மதிப்பெண் மாதந்தோறும் சிறிது சிறிதாகக் குறைந்ததைச் சேர்த்துப் பார்த்தேனில்லை. அவன் பள்ளியை விட்டு நின்றபின்னரே பார்த்தேன். நான் கேட்ட கேள்வியே போதாததாக இருந்தது.

விஞ்ஞானிகள் கேள்வியை மாற்றினர். ஸ்காட்லாந்தின் ஸ்டெர்லிங் பல்கலைக்கழகத்தில் பெனலோப் ஒயிட்ஹார்ன், டேவ் கூல்சன் முதலியோர் 75 கூடுகளை எடுத்துக்கொண்டனர். சிலவற்றிற்குத் தூய உணவு. சிலவற்றிற்கு நூறு கோடியில் 6 பங்கு மருந்துள்ள மகரந்தமும், அதனினும் குறைந்த அளவு கலந்த சர்க்கரை நீரும். மற்றவற்றிற்கு அதன் இருமடங்கு. இரண்டு வாரம் இவ்வாறு ஊட்டியபின், எல்லாக் கூடுகளையும் ஆறு வாரம் வெளியில் வைத்து, இயல்பாக மேயவிட்டனர். இறந்தவற்றை எண்ணுவதோடு நில்லாது, கூட்டின் எடையையும் பிறந்த அரசிகளையும் கணக்கிட்டனர். மருந்துண்ட கூடுகளின் எடை சற்றே குறைந்திருந்தது. ஆனால் அரசிகளோ 85 விழுக்காடு குறைந்திருந்தன! இம்முடிவு 2012இல் வெளியாயிற்று.

வயலில் தேனீ வேறு மலர்களையும் நாடுமே என்று சிலர் மறுத்தனர், நியாயமான மறுப்புத்தான். ஆகவே சுவீடனில் மருந்து பூசிய விதை விதைத்த வயல்களையும், பூசாத வயல்களையும் இணையிணையாக ஒப்பிட்டனர். அங்கு பயன்பட்டது அதே இனத்தைச் சேர்ந்த குளோதியானிடின் அடங்கிய மருந்து. 2015இல் வெளியான முடிவின்படி, அவ்வயல்களருகே பம்பிள் தேனீக் கூடுகள் வளர்ச்சி குன்றின. வளர்ப்புத் தேனீக் கூடுகளிலோ குறிப்பிடத்தக்க மாறுதல் காணப்படவில்லை. ஒன்றைச் சோதித்துவிட்டு மற்றொன்றுக்கும் தீர்ப்புக் கூறலாகாது என்பது தெளிவாயிற்று.

ஐரோப்பிய ஒன்றியம் இவ்வின மருந்துகள் மூன்றிற்கு 2013இல் கட்டுப்பாடு விதித்தது. 2018இல் திறந்தவெளிப் பயன்பாட்டை முற்றிலும் தடுத்தது. ஆயினும், பம்பிள் தேனீக்கென 2017இல் வகுக்கப்பட்ட பன்னாட்டுச் சோதனை விதிகள் இரண்டும் குறுங்காலச் சோதனைகளே. நெடுங்காலச் சோதனைக்குச் செலவும் பொறுமையும் மிகுதியாக வேண்டும்.

மாணவர்களே, நாளை உங்களுள் ஒருவர் சோதனைக் கூடத்தில் நிற்கக்கூடும். 'இறந்ததா?' என்று மட்டும் கேளாதீர்கள். 'அடுத்த ஆண்டு இருக்குமா?' என்றும் கேளுங்கள்.