கோலாலம்பூரின் வெறிநாய்க்கடிக் காலமும் ஒரு நாய்க்குட்டியின் தடுப்பூசியும்



கடந்த பள்ளி விடுமுறையில் பிரிக்பீல்ட்ஸிலுள்ள எங்கள் வீட்டிற்கு ஒரு நாய்க்குட்டி வந்து சேர்ந்தது. எட்டு வார வயது. எடை ஒரு கிலோவைச் சற்றே தாண்டும். ஐந்தாம் ஆண்டில் பயிலும் என் மகள் அதற்குப் ‘பொட்டு’ எனப் பெயர் சூட்டினாள். கால்நடை மருத்துவர் தடுப்பூசி நாள்கள் குறிக்கப்பட்ட அட்டையொன்றை எங்களிடம் கொடுத்தார். அதில் நோய்களின் பெயர்கள் வரிசையாக இருந்தன.

அட்டையைப் பார்த்த அண்டை வீட்டு அக்கா, “டீச்சர், வீட்டுக்குள்ளேயே வளர்ற குட்டிக்கு எதுக்கு இத்தனை ஊசி? கோலாலம்பூர்ல வெறிநாய எங்க பார்த்தீங்க? இந்தச் சின்ன உடம்பு தாங்குமா?” என்று கேட்டார். அவர் அன்பினால்தான் கேட்டார். எனக்கும் உள்ளூர அதே அச்சம் இருந்தது. ஒரு வாரம் முடிவெடுக்க இயலாமல் தவித்தேன். ஐயம் எழுந்தால் வரலாற்றைப் புரட்டுவது ஆசிரியரின் பழக்கமன்றோ! அவ்வாறு புரட்டியபோது கிடைத்த செய்திகளை உங்களுடன் பகிர்ந்து கொள்கிறேன்.

அன்பும் அச்சமும்

நாயின் மீது தமிழர் கொண்ட அன்பு மிகப் பழைமையானது. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று உள்ளது. வீரனின் உருவத்தோடு அவனுடைய நாயின் உருவமும் அதில் செதுக்கப்பட்டுள்ளது. கள்வரை எதிர்த்து நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன் என்பதையும் கல்வெட்டு பதிவு செய்துள்ளது. ஏறத்தாழ 1400 ஆண்டுகளாக ஒரு நாயின் பெயர் கல்லில் நிலைத்திருக்கிறது!

ஆயினும் அன்பிற்குரிய அதே நாய் வெறிகொண்டு கடித்தால் மரணத்தைத் தடுக்க மருந்தில்லை என்ற நிலையே 19ஆம் நூற்றாண்டின் இறுதிவரை உலகெங்கும் இருந்தது. 1885ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் நாள், பாரிஸ் நகரில் லூயி பாஸ்டர், வெறிநாயால் கடிக்கப்பட்ட ஜோசப் மெய்ஸ்டர் என்னும் ஒன்பது வயதுச் சிறுவனுக்குத் தம் தடுப்பு மருந்தைச் செலுத்தச் செய்தார். நோயுற்ற முயலின் முதுகுத்தண்டை உலர்த்தி உருவாக்கிய மருந்து அது. சிறுவன் பிழைத்தான்.

தென்னிந்தியாவிற்கு அம்மருந்து எளிதில் எட்டவில்லை. நாய் கடித்தவர்கள் வடக்கே இமயமலை அடிவாரத்திலுள்ள கசௌலிக்குச் செல்ல வேண்டியிருந்தது. 1902இல் ஆங்கிலேயப் பெண்மணி ஒருவர் இந்நோயால் இறந்தார். அத்துயரம் தூண்டுதலாக அமைய, 1907இல் நீலகிரியின் குன்னூரில் பாஸ்டர் நிலையம் திறக்கப்பட்டது. தமிழகத்திலிருந்து மலாயாத் தோட்டங்களுக்கு நம் முன்னோர் கப்பலேறிக் கொண்டிருந்த காலமும் அதுவே.

மனிதரிலிருந்து நாய்க்கு

பாஸ்டரின் மருந்து, கடிபட்ட மனிதரைக் காத்தது. நோயைப் பரப்பும் நாயையே காத்துவிட்டால் என்ன என்ற எண்ணம் அடுத்ததாகப் பிறந்தது. 1921இல் ஜப்பானிய அறிஞர்கள் உமேனோவும் டோயியும், ஒரே ஊசியில் நாய்க்குச் செலுத்தத்தக்க மருந்தை அறிமுகப்படுத்தினர். 1939இல் அமெரிக்காவில் இந்நோயால் இறந்த ஒரு சிறுமியிடமிருந்து எடுக்கப்பட்ட நோய்க்கிருமிக்கு, அவளுடைய குடும்பப் பெயரால் ‘ஃபுளூரி’ என்று பெயரிட்டனர். 1948இல் கொப்ரோவ்ஸ்கி, காக்ஸ் ஆகிய இருவரும் அக்கிருமியைக் கோழிக்கருவில் வளர்த்து வலுவிழக்கச் செய்து, நாய்களுக்குரிய புதிய தடுப்பு மருந்தாக மாற்றினர். ஒரு சிறுமியின் உயிரைப் பறித்த கிருமி, எண்ணற்ற குழந்தைகளைக் காக்கும் மருந்தாக மாறியது.

1952: நம் தலைநகரில்

அம்மருந்தின் பயனை உலகுக்கு எடுத்துக்காட்டிய இடங்களுள் நம் மலாயாவும் ஒன்று என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? 1952இல் கோலாலம்பூரில் வெறிநாய்க்கடி கடுமையாகப் பரவியது. நாடு அவசரகாலத்தில் சிக்கியிருந்த நேரம் அது. அந்நெருக்கடியிலும் நாய்களுக்குத் தடுப்பூசி கட்டாயமாக்கப்பட்டது. கோழிக்கருவில் வளர்த்த மருந்து பெருந்திரளாகச் செலுத்தப்பட்டது. ஊசி போடப்படாத நாய்களும் தெருநாய்களும் கொல்லப்பட்டன. சுமார் ஈராண்டுகளில் நோய் கட்டுக்குள் வந்தது.

இந்த வரலாற்றின் இன்னொரு பக்கத்தை என் பாட்டி வாயிலாகச் சிறுவயதிலேயே கேட்டிருக்கிறேன். அப்போது அதன் பொருள் எனக்கு விளங்கவில்லை. கிள்ளான் வட்டாரத் தோட்டமொன்றின் லயத்தில் அவர் மணமகளாகக் குடியேறிய புதிது. வீட்டில் மணி என்றொரு நாய் இருந்தது. ஊசி போட நாய்களைக் கொண்டுவருமாறு ஆள்விட்டுச் சொன்னார்களாம். ஊசி போட்டால் நாய் செத்துவிடும் என்று அஞ்சிய தாத்தா, மணியை வீட்டின் பின்புறம் ஒளித்து வைத்தார். சில நாள்கள் கழித்து, ஊசி போட்டதற்கான தகடு கழுத்தில் இல்லாத மணி லயத்து வாசலிலேயே சுடப்பட்டது. “ஊசிக்குப் பயந்து ஒளிச்சு வெச்சோம். குண்டுக்குக் குடுத்துட்டோம்” என்பார் பாட்டி. தாத்தா அதன் பிறகு நாய் வளர்க்கவே இல்லை.

மணியின் கதையில் தாத்தா அன்பற்றவர் அல்லர். மிகுந்த அன்பே அவரை அஞ்சச் செய்தது. எழுபது ஆண்டுகள் கடந்து, கையில் அட்டையோடு தயங்கி நின்ற நானும் அவருடைய பேத்திதானே!

மறைந்த நோய் மீண்ட கதை

1950களில் தாய்லாந்து எல்லையையொட்டி 50 முதல் 80 கிலோமீட்டர் அகலத்திற்கு ‘தடுப்பு வளையம்’ ஒன்று அமைக்கப்பட்டது. அப்பகுதி நாய்களுக்குத் தொடர்ந்து ஊசி போட்டு, நோய் தெற்கே இறங்காமல் தடுத்தனர். கோலாலம்பூர் மக்கள் இந்நோயை மறந்து வாழ்ந்ததற்கு வடக்கே நடந்த அவ்வுழைப்பும் காரணமாகும்.

எனினும் 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் நோய் மீண்டும் தலைகாட்டியது. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு பெற்றிருந்த ‘வெறிநாய்க்கடி அற்ற நாடு’ என்ற தகுதியை மலேசியா இழந்தது. 2017 ஜூலையில் சரவாக்கின் செரியான் பகுதியில் நோய்ப்பரவல் அறிவிக்கப்பட்டது. முதலில் உயிரிழந்தவர்கள் குழந்தைகள். அன்று முதல் சரவாக்கில் மட்டும் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டுள்ளனர். அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது மிக அரிது என்பதே இந்நோயின் கொடுமை. உலக அளவில் இந்நோயால் இறப்போரில் பத்தில் நால்வர் 15 வயதுக்குட்பட்டோர் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ஒரு வட்டாரத்து நாய்களில் 70 விழுக்காட்டிற்குத் தடுப்பூசி போட்டால் நோய்ச்சங்கிலி அறுபடும் என்றும் அது கூறுகிறது.

ஆகவே, “வெறிநாய எங்க பார்த்தீங்க?” என்ற வினாவிற்கு விடை கிடைத்துவிட்டது. நாம் காணாமல் இருப்பதற்குக் காரணமே ஊசிதான்.

அட்டையிலிருந்த பிற நோய்கள்

மற்ற ஊசிகளுக்கும் தனித்தனி வரலாறு உண்டு. டிஸ்டெம்பர் நோய்க்குக் காரணம் நுண்ணுயிரினும் சிறிய கிருமி என்பதை 1905இல் பிரெஞ்சு அறிஞர் ஆன்றி காரே காட்டினார். அதற்கான மருந்தை இங்கிலாந்தின் லெய்ட்லாவும் டங்கினும் 1920களில் உருவாக்கினர். குட்டிகளைக் கழிச்சலால் கொல்லும் பார்வோ நோய் 1978இல்தான் புதிதாக வெளிப்பட்டு, ஈராண்டுகளில் உலகெங்கும் பரவியது. இக்கிருமி காலணியில் ஒட்டிக்கொண்டும் வீட்டிற்குள் நுழையும். வெளியே செல்லாத குட்டியையும் அது விடாது.

எலிச் சிறுநீரால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் என்னும் எலிக்காய்ச்சல் நமக்கு இன்னும் நெருக்கமானது. 1920களில் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் வில்லியம் ஃபிளெட்சர் இந்நோயை மனிதரிடம் ஆராய்ந்து பதிவு செய்தார். பிரிக்பீல்ட்ஸ் பின்சந்துகளின் கால்வாய்களையும் கிள்ளானின் வெள்ளக்காலத்தையும் அறிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. இது நாயிடமிருந்து மனிதருக்கும் தொற்றக்கூடியது.

சிறிய உடம்பு தாங்குமா?

அக்காவின் இக்கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. 2005இல் அமெரிக்காவில் பன்னிரண்டு இலட்சத்திற்கும் மேற்பட்ட நாய்களின் பதிவேடுகளை ஆராய்ந்தனர். ஊசிக்குப் பின் மூன்று நாள்களுக்குள் பாதிப்பு கண்டவை பத்தாயிரத்தில் சுமார் 38. அவற்றுள் பெரும்பாலானவை வீக்கம், அரிப்பு, வாந்தி போன்றவை. மரணம் மிக அரிது. ஆனால், சிறிய நாய்களுக்குப் பாதிப்பு கூடுதல் என்பதும், ஒரே வருகையில் ஊசிகள் மிகுந்தால் அது மேலும் கூடும் என்பதும் அதே ஆய்வின் முடிவுகளாகும்.

இதைக் கொண்டு மருத்துவரிடம் மூன்று கேள்விகள் கேட்டேன். வெறிநாய்க்கடி ஊசியை வேறொரு நாளில் தனியாகப் போடலாமா? ஊசி போட்டபின் அரை மணி நேரம் அங்கேயே காத்திருக்கலாமா? ஆண்டுதோறும் எல்லா ஊசிகளும் தேவையா? முதலிரண்டுக்கும் “தாராளமாக” என்றார். மூன்றாவதற்கு, தாய்ப்பாலின் எதிர்ப்பாற்றல் குறுக்கிடுவதால் குட்டிப் பருவத்தில் 16 வாரம் வரை ஊசிகளைத் திரும்பப் போட வேண்டும் என்றும், ஓராண்டு நிறைவிற்குப் பின் டிஸ்டெம்பர், பார்வோ ஊசிகளை மூன்றாண்டுக்கு ஒருமுறை போட்டால் போதும் என்றும், எலிக்காய்ச்சல் ஊசியை ஆண்டுதோறும் போட வேண்டும் என்றும் விளக்கினார்.

பொட்டுவிற்கு அனைத்து ஊசிகளும் உரிய இடைவெளியில் போட்டாயிற்று. ஒருநாள் சற்றுச் சோர்ந்து படுத்தது. மறுநாள் என் காலணியைக் கடித்துக் குதறியது! அண்டை வீட்டு அக்காவிடம் மணியின் கதையைச் சொன்னேன். நெடுநேரம் பேசாமல் இருந்தவர், தம் வீட்டு நாயையும் அழைத்துச் செல்ல மருத்துவமனையின் முகவரியைக் கேட்டார்.

பெற்றோர்களே, ஒன்றை மட்டும் பிள்ளைகளுக்குக் கற்பியுங்கள். எந்த நாய் கடித்தாலும், கீறினாலும் மறைக்கக் கூடாது. உடனே சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். திட்டுவோம் என்று அஞ்சி, கடிபட்டதைப் பிள்ளை மறைக்காதிருப்பது நம் கையில்தான் உள்ளது.

ஆசிரியர்களே, செப்டம்பர் 28 பாஸ்டர் மறைந்த நாள். உலக வெறிநாய்க்கடி நோய் நாளாக அது கடைப்பிடிக்கப்படுகிறது. அன்று சபைகூடலில் ஐந்து நிமிடம் ஒதுக்கி, 1952ஐ நம் மாணவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

அன்பு மட்டும் போதாது. அறிந்து செய்யும் அன்பே காக்கும். மணி எங்களுக்குக் கற்பித்த பாடம் அதுதான்.