ஒரே வகுப்பறை

குறையுடைய குழந்தைக்குத் தனிப்பள்ளியே தக்கது என்பது ஐரோப்பாவில் நெடுங்காலம் நிலவிய கொள்கையாகும். அதனை எளிதில் பழித்தல் ஆகாது. பாரிசு நகரப் பார்வையற்றோர் பள்ளியில் பயின்றே லூயி பிரெயில் புள்ளியெழுத்தை உலகுக்கு அளித்தார்.

ஆயினும், காப்பதற்கு எழுப்பிய வேலி காலப்போக்கில் சுவராயிற்று. இங்கிலாந்தில் 1970ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை, சில குழந்தைகள் கல்வி கற்கத் தகாதவர் என்றே பள்ளிகளிலிருந்து விலக்கப்பட்டனர்.

இத்தாலி வேறு வழி கண்டது. 1971ஆம் ஆண்டின் 118ஆம் சட்டம் பெரும்பாலோர்க்குப் பொதுவகுப்பின் கதவைத் திறந்தது. வகுப்பாசிரியருக்கு உரிய துணையை நல்கவில்லை. அக்குறையைப் போக்க வந்ததே 1977ஆம் ஆண்டின் 517ஆம் சட்டம். அது தொடக்க, கீழ்நிலை இடைநிலைப் பள்ளிகளில் தனிவகுப்புகளை நீக்கியது; சிறப்புப் பயிற்சி பெற்ற துணையாசிரியருக்கு வழி செய்தது; இத்தகைய மாணவர் பயிலும் வகுப்பில் 20 பேருக்கு மேல் இருத்தலாகாது என்றும் வரையறுத்தது. 1994இல் ஸ்பெயின் நாட்டுச் சலமான்கா மாநாட்டில், 92 அரசுகளின் பேராளர்கள் அனைவரையும் உள்ளடக்கும் கல்வியை ஏற்றனர்.

இளமையில், கடைசி வரிசைச் சிறுவன் ஒருவனை 'மந்தம்' எனப் பதிவேட்டில் குறித்து நகர்ந்தவன் நான். அவனுக்குக் குறைந்தது அறிவா, எனக்குக் குறைந்தது பயிற்சியா? இத்தாலியின் வரலாறு இவ்வினாவையே நம்முன் வைக்கின்றது. கதவைத் திறப்பது சட்டம்; கைப்பிடித்து உள்ளே அழைப்பவர் ஆசிரியரே.