கட்டைக் கணக்கிலிருந்து கைப்பேசி வரை: ஜி.பி.எஸ். வந்த வழி

ஆசிரிய நண்பர்களே, உங்கள் வகுப்பில் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். "கைப்பேசியில வழி பார்க்கிறோமே, நாம எங்க இருக்கோம்னு அதுக்கு எப்படித் தெரியுது?" பெரும்பாலும், "மேல இருக்கிற துணைக்கோளம் நம்மைப் பார்க்குது சார்" என்றுதான் பதில் வரும். ஆசிரியர் அறையில் கேட்டாலும் இதே பதில் வரலாம். உண்மையில் துணைக்கோளம் யாரையும் பார்ப்பதில்லை. நாம் இருப்பதே அதற்குத் தெரியாது.

முதலில் நம் ஊர்க் கதையைக் கொஞ்சம் பார்ப்போம். நம் தாத்தா பாட்டிமார் 'கட்டை' கணக்கில் வழி சொன்னார்கள். "ஆறாங்கட்டையில எறங்கி உள்ள நடந்து வா" என்றால் போதும். சாலையோரம் நட்டிருந்த மைல் கல்தான் கட்டை. மலாய்க்காரர்கள் அதையே 'பத்து' என்றார்கள். சிலாங்கூரில் உள்ள 'பத்து தீகா' என்ற பெயர் அப்படி வந்ததுதான், மூன்றாம் கட்டை. (பத்துமலையின் 'பத்து' வேறு கதை, அது ஆற்றின் பெயரிலிருந்து வந்தது. மாணவர்கள் அதைப் பத்து என்ற எண்ணோடு குழப்பிக்கொள்வதும் உண்டு.) சிங்கப்பூரிலும் சாங்கி, அப்பர் சிராங்கூன் சாலைகளில் முகவரியே மைல் கணக்கில்தான் இருந்தது. 1970-களில் மெட்ரிக் அளவை வரத் தொடங்கியதும் கல் போனது. பேச்சில் மட்டும் கட்டை நின்றது.

இனி வானத்துக்குப் போவோம். 1957 அக்டோபர் 4-ஆம் நாள் சோவியத் யூனியன் ஸ்புட்னிக்கை ஏவியது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் வில்லியம் கையர், ஜார்ஜ் வைஃபன்பாக் என்ற இரு இளம் ஆய்வாளர்கள் அதன் 'பீப்' ஒலியைப் பதிவு செய்தார்கள். நம்மைக் கடந்து போகும் ஆம்புலன்சின் சத்தம் மாறுகிற மாதிரி, அந்த ஒலியின் அலைவரிசையும் மாறியது. அந்த மாற்றத்தை வைத்தே ஸ்புட்னிக்கின் பாதையைக் கணக்கிட்டார்கள். அடுத்த ஆண்டு, அங்கே மூத்தவராக இருந்த ஃபிராங்க் மெக்லூர் கேள்வியைத் திருப்பிப் போட்டார்: நாம் இருக்கும் இடத்தை வைத்துத் துணைக்கோளத்தைக் கண்டுபிடிக்கலாம் என்றால், துணைக்கோளத்தை வைத்து நம் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாதா? இந்த ஒரு கேள்வியிலிருந்துதான் நம் கைப்பேசி வழிகாட்டி தொடங்குகிறது. சிந்தனைத் திறன் கேள்விக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

அதிலிருந்து பிறந்த 'டிரான்சிட்', அமெரிக்கக் கடற்படையின் அணுவாயுத நீர்மூழ்கிக் கப்பல்களுக்காக உருவாக்கப்பட்டது. கப்பலுக்கு அது சரி. ஓடும் வண்டிக்கு உதவாது. துணைக்கோளம் தலைக்கு மேல் வரும்வரை காத்திருக்க வேண்டும். 1973-இல் திட்டமிட்ட ஜி.பி.எஸ். அந்தக் குறையைத் தீர்த்தது. முதல் துணைக்கோளம் 1978-இல் சென்றது. 24 துணைக்கோளங்களோடு முழு அமைப்பும் 1995-இல் தயாரானது.

ஒவ்வொன்றும் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் அணுக் கடிகாரத்தைச் சுமந்து சுற்றுகிறது. "நான் இன்ன இடத்தில் இருக்கிறேன், இப்போது மணி இது" என்று ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கிறது. கைப்பேசி அதைக் கேட்கிறது, அவ்வளவுதான். சமிக்ஞை வந்து சேர எடுத்த நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிடுகிறது. நான்கு துணைக்கோளங்களாவது வேண்டும். கைப்பேசியின் கடிகாரம் அவ்வளவு துல்லியமாக இல்லாததால் அதன் பிழையையும் சேர்த்துக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. நேரம் ஒரு விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால் தூரம் 300 மீட்டர் பிசகும். ஐன்ஸ்டைனின் சார்பியல் கோட்பாட்டின்படி அந்தக் கடிகாரங்கள் நாளொன்றுக்கு 38 மைக்ரோவிநாடி வேகமாக ஓடும். அதைத் திருத்தாமல் விட்டால் ஒரே நாளில் பிழை 10 கிலோமீட்டரைத் தாண்டிவிடும்.

ஆக, துணைக்கோளத்துக்கு நம்மைத் தெரியாது. ஆனால் செயலிக்குத் தெரியும்! நெரிசலைச் சிவப்புக் கோடாகக் காட்டுகிறதே, அது அந்தச் சாலையில் போகும் கைப்பேசிகள் தங்கள் இடத்தை அனுப்புவதால்தான். மாணவர்களிடம் இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லுங்கள்.

இராணுவப் பொருள் நம் கைக்கு எப்படி வந்தது? 1983 செப்டம்பர் 1-ஆம் நாள் நியூயார்க்கிலிருந்து சியோலுக்குப் போன கொரிய விமானம் 007, வழிதவறிச் சோவியத் வான்வெளிக்குள் நுழைந்து சுட்டு வீழ்த்தப்பட்டது. 269 பேரும் இறந்தார்கள். அதே மாதம், ஜி.பி.எஸ். தயாரானதும் பொதுமக்கள் விமானங்களுக்கும் இலவசமாகக் கிடைக்கும் என்று ரேகன் அரசு அறிவித்தது. இந்த விபத்தால்தான் பொதுமக்களுக்கு ஜி.பி.எஸ். வந்தது என்று பலர் எழுதுகிறார்கள். அது பாதி உண்மை. பொதுச் சமிக்ஞை முதலிலிருந்தே திட்டத்தில் இருந்தது. விபத்து அதை உலகத்துக்குக் கொடுத்த வாக்குறுதியாக மாற்றியது.

வாக்குறுதியிலும் ஒரு சிக்கல் இருந்தது. பொதுச் சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழை சேர்த்தார்கள். நூறு மீட்டர்வரை தவறும். வண்டி இந்தச் சாலையிலா, பக்கத்துச் சாலையிலா என்றே சொல்ல முடியாது. 2000-ஆம் ஆண்டு மே 1 நள்ளிரவில் கிளிண்டன் அரசு அதை நிறுத்தியது. அப்போது நமக்கு மே 2 நண்பகல். யாரும் எதையும் மாற்றிப் பொருத்தாமலேயே உலகிலுள்ள கருவிகள் எல்லாம் அந்த நேரத்தில் துல்லியமாயின.

பிறகு எல்லாம் வேகம். ஜி.பி.எஸ். கொண்ட கைப்பேசியைப் பின்லாந்து நிறுவனமான பெனிஃபோன் 1999-லேயே கொண்டுவந்திருந்தது. 2008-இல் ஐபோனுக்கு வந்தது. 2009-இல் கூகல் குரல்வழி வழிகாட்டலை இலவசமாக்கியது. காரில் கிடந்த தடித்த தெரு வழிகாட்டிப் புத்தகம் பழைய பேப்பர்காரரிடம் போனது.

ஆனால் ஜி.பி.எஸ். தருவது அட்சரேகை, தீர்க்கரேகை போன்ற எண்களை மட்டும்தான். சாலை, பெயர், பள்ளி எல்லாம் வரைபடத்தில் மனிதர்கள் எழுதியவை. இதை நான் ஒரு தோட்டத்தில் கற்றேன். பயிலரங்குக்காகப் போன இடம்; கைப்பேசி என்னைச் செம்பனைக்கு நடுவே ஒரு கால்வாய்க் கரையில் கொண்டுபோய் நிறுத்தி, "வந்து சேர்ந்துவிட்டீர்கள்" என்றது. லைன் இல்லை. நீலப் புள்ளி மட்டும் ஒழுங்காக நகர்ந்தது, துணைக்கோளத்துக்கு லைன் தேவையில்லை அல்லவா? சுற்றிலும் வெறும் சாம்பல் கட்டம். மோட்டார் சைக்கிளில் வந்த பெரியவர்தான், "போன உள்ள வைங்க சார். முனீஸ்வரன் கோயில தாண்டி, பழைய கள்ளுக்கடை இருந்த எடத்துல சோத்துக்கை பக்கம் திரும்புங்க" என்றார். இல்லாத கடையை வைத்து வழி! நல்ல வேளை, கோயில் இருந்தது.

அந்தக் கோயிலும், தோட்டத்துக்கு நம்மவர்கள் வைத்த பெயரும் பல வரைபடங்களில் இல்லை. தோட்டம் போய்ப் பள்ளி மட்டும் வீடமைப்புப் பகுதிக்கு இடம்மாறி, பழைய தோட்டத்தின் பெயரைச் சுமந்து நிற்பதும் உங்களுக்குத் தெரியும். அப்பெயர்களை அறிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். 2004-இல் தொடங்கிய 'ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்' யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய வரைபடம். தமிழ்ப் பெயரைத் தமிழ் எழுத்திலேயே சேர்க்கத் தனி இடம் அதில் உண்டு. ஆறாம் ஆண்டு மாணவர்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, இரண்டு மூன்று பேர் ஒரே பெயரைச் சொன்னால் மட்டும் எழுதி வரட்டும். நீங்கள் பதிவேற்றுங்கள். வேறு வரைபடத்தைப் பார்த்து எழுதக்கூடாது, அது விதி. இப்போது இல்லாத கட்டடங்களையும் அதில் சேர்க்க இயலாது. அதனால் கள்ளுக்கடையை மாணவர்கள் நோட்டுப் புத்தகத்தில்தான் வரைந்துகொள்ள வேண்டும்.