உண்மைக் கதை என்றால் போர்க்கதை மட்டும்தானா? வாசித்து மகிழ ஐந்து நூல்கள்

சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் நின்ற மருமகள் என்னிடம் ஒரு புத்தகம் கேட்டாள். "மாமா, உண்மையாய் நடந்ததாய் இருக்கவேணும். ஆனால் வாசிச்சு முடிய அழுகை வரக்கூடாது" என்றாள்.

2009இல் செட்டிகுளம் முகாமில் பிறந்த பிள்ளை அவள். எங்கள் வீட்டு அலுமாரியில் கதையும் கவிதையும் அல்லாத நூல்கள் என்றால், அவற்றில் பெரும்பாலானவை போரைப் பற்றியவைதான். சாட்சியங்கள், நினைவுக்குறிப்புகள், அறிக்கைகள். அவை வாசிக்கப்படவேண்டியவை என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் உண்மை என்றாலே சாவும் இடம்பெயர்வும்தான் என்று அவள் நினைத்திருந்தது என்னை யோசிக்க வைத்தது. புலி காட்டில் எப்படி நடக்கிறது என்பதும், மெழுகுதிரி எப்படி எரிகிறது என்பதும் உண்மைகள்தான். அவற்றை அறிந்து மகிழ எங்களுக்கும் உரிமை உண்டு. அவளுக்கு நான் எடுத்துக்கொடுத்த ஐந்து நூல்கள் இவை.

1. குமாயுன் புலிகள்

ஜிம் கோர்பெட் ஆங்கிலத்தில் எழுதி 1944இல் வெளிவந்த நூல். தமிழில் தந்தவர் தி.ஜ.ர. இமயமலை அடிவாரத்துக் கிராமங்களில் ஆட்களைக் கொன்ற புலிகளை அவர் தேடிப்போன அனுபவங்கள் இதில் உள்ளன. 436 பேரைக் கொன்றதாகக் கணக்கிடப்பட்ட சம்பாவத் பெண்புலியை 1907இல் அவர் சுட்டார். ஆனால் இது வேட்டைப் பெருமை பேசும் நூலன்று. காயமோ முதுமையோதான் புலியை மனிதரிடம் திருப்புகிறது என்று அவர் விளக்குகிறார். முள்ளம்பன்றியின் முள் காலில் ஏறிய புலியால் மானைத் துரத்திப் பிடிக்க முடியாது. மிதிபட்ட புல், குரங்கின் எச்சரிக்கைக் குரல் என்று காட்டையே அவர் எழுத்துக்கூட்டி வாசிக்கிறார்.

அப்பா வைத்திருந்த பழைய பிரதிக்கு அட்டை இல்லை. சோதனைச் சாவடிகள் நிறைந்த காலத்தில், புலிப்படமும் அந்தத் தலைப்பும் வீட்டிலிருந்தால் ஆபத்து என்று அம்மா அதைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டா. உள்ளே இருந்தது காட்டுப்புலிதான் என்று யாருக்கு விளங்கப்படுத்துவது?

2. ஒரு மெழுகுதிரியின் இரசாயன வரலாறு

மைக்கேல் பரடே லண்டனில் சிறுவர்களுக்காக நிகழ்த்திய ஆறு விரிவுரைகள், 1861இல் ஆங்கிலத்தில் நூலாயின. தலைப்பை நான் தமிழாக்கியிருக்கிறேன். பரடே ஒரு கொல்லரின் மகன். புத்தகம் கட்டும் கடையில் வேலை பழகியபோது, கட்டக் கொடுத்த நூல்களை வாசித்தே விஞ்ஞானத்துக்குள் வந்தவர்.

மெழுகுதிரியில் எரிவது எது என்று ஆராய்கிறார். சுடரின் நடுவில் ஒரு கண்ணாடிக் குழாயை வைத்து, அங்கிருக்கும் ஆவியை வெளியே எடுத்து, குழாயின் மறுமுனையில் கொளுத்திக் காட்டுகிறார். எரிவது அந்த ஆவிதான். சுடருக்கு மேலே குளிர்ந்த பாத்திரத்தைப் பிடித்தால் நீர் துளிர்க்கிறது. கடைசியில், நாங்கள் சுவாசிப்பதும் ஒருவகை எரிதலே என்ற இடத்துக்குக் கொண்டுவந்து விடுகிறார். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்காலத்தில் ஜாம் போத்தலுக்குள் பஞ்சு ஊறும் அளவுக்கு மண்ணெண்ணெய் விட்டு, அந்த வெளிச்சத்தில் படித்தவர்களுக்கு இந்த நூல் இரட்டிப்பு மகிழ்ச்சி தரும். அத்தனை இரவுகள் பார்த்திருந்த சுடருக்குள் என்ன நடந்தது என்பதை நான் இதில்தான் அறிந்தேன்.

3. என் சரித்திரம்

உ.வே. சாமிநாதையரின் தன்வரலாறு. 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. 1942இல் அவர் மறைந்ததால் முற்றுப்பெறவில்லை. பெரிய நூல் என்று பயப்படவேண்டாம். சிறு சிறு அத்தியாயங்கள். வறுமையில் ஊர் ஊராக அலைந்த குடும்பம், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்ட நாட்கள், ஏடு தேடிய பயணங்கள் எல்லாம் கதைபோல ஓடுகின்றன. சிறுப்பிட்டியில் பிறந்த சி.வை. தாமோதரம்பிள்ளையையும் இதில் சந்திக்கலாம்.

ஒரு கோயிலில் பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இட்டுவிட்டார்கள் என்று கேட்டு அவர் துடித்துப்போகும் இடம் ஒன்று உண்டு. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததை அறிந்த எவராலும் அதைச் சாதாரணமாகக் கடக்க முடியாது. மருமகளுக்குக் கொடுத்த வாக்கை அந்த ஓர் இடத்தில் மட்டும் என்னால் காப்பாற்ற முடியவில்லை.

4. இலங்கைத் தீவின் வரலாறு

ரொபேர்ட் நொக்ஸ் ஆங்கிலத்தில் எழுதி 1681இல் வெளிவந்தது. தகப்பனார் தலைவராயிருந்த கப்பலில் வந்த நொக்ஸ், 1660இல் கொட்டியாரத்தில் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டார். வயது பத்தொன்பது. மதில் சூழ்ந்த சிறை இல்லை. ஆனால் நாட்டை விட்டுப் போக முடியாது. அடுத்த வருடமே தகப்பன் இறந்துபோக, தொப்பி பின்னி விற்றும் நெல்லை வட்டிக்குக் கொடுத்தும் பிழைத்தார். தான் பின்னிய தொப்பி ஒன்றைக் கொடுத்து ஓர் ஆங்கில விவிலியத்தை அவர் வாங்கிய கதையை மறக்கவே முடியாது. 1679இல் நண்பர் ஒருவருடன் தப்பி, அருவியாற்றின் ஓரமாகக் காட்டுக்குள் நடந்து அரிப்புக்கு வந்து சேர்ந்தார். தான் கண்ட பயிர், அட்டை, உணவு, சட்டம், சடங்கு எல்லாவற்றையும் எழுதிவைத்தார். மூதூர், மன்னார் வாசகர்களுக்கு இது தங்கள் ஊர்ப் பெயர்கள் வரும் நூல். பழைய ஆங்கிலம்தான், மெதுவாக வாசிக்கவேண்டும்.

5. அண்ணல் அடிச்சுவட்டில்

'குமரி மலர்' ஆசிரியர் ஏ.கே. செட்டியார் எழுதியது. ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பித்தார். 1937இல் நியூயோர்க்கிலிருந்து டப்ளினுக்குப் போன கப்பலில் செட்டியாருக்கு, காந்தியைப் பற்றி ஆவணப்படம் எடுக்கவேண்டும் என்ற எண்ணம் வந்தது. பழைய படச்சுருள்களைத் தேடி நாடு நாடாக அலைந்து 1940இல் படத்தை வெளியிட்டார். சின்னச் சின்ன வசனங்கள். தன்னைப் பற்றிப் பெருமையே இல்லை. நமுட்டுச் சிரிப்பு பக்கத்துக்குப் பக்கம் உண்டு. பயணக்கட்டுரை எழுத விரும்பும் இளையோர் கட்டாயம் வாசிக்கவேண்டும்.

எங்கே கிடைக்கும்?

பரடேயும் நொக்ஸும் குட்டன்பேர்க் இணையத்தளத்தில் இலவசமாக உள்ளன. 'என் சரித்திர'த்தையும் இணையத்தில் வாசிக்கலாம். மற்ற இரண்டையும் புத்தகக் கடைகளில் சொல்லிவைத்து எடுப்பிக்கலாம். எங்கள் நாட்டுத் தமிழ் நூல்களுக்கு 2005இல் தொடங்கிய 'நூலகம்' இணையத்தளம் இருக்கிறது. உங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்துக்கு வெளிநாட்டு உறவுகள் ஏதாவது செய்யக் கேட்டால், இப்படி நாலு நூலும் வாங்கித் தரச் சொல்லுங்கள்.

மருமகள் கோர்பெட்டில்தான் தொடங்கினாள். பின்னேரங்களில் விறாந்தையிலிருந்து சத்தமாக வாசிப்பாள். அட்டையைக் கிழித்த அம்மா பக்கத்தில் கீரை ஆய்ந்தபடி கேட்டுக்கொண்டிருப்பா. முந்தநாள் மருமகள் பாதியில் எழும்பித் தண்ணி குடிக்கப் போக, அம்மா கேட்டா: "பிள்ளை, அந்தப் புலிக்குப் பிறகு என்ன நடந்தது?"