ஆரஞ்சு விளக்குக்கு ஓர் அஞ்சலி

சர்வர் அறையில் ஒரு கேபிள் போய்விட்டால், மாற்று வழி திறக்கும்வரை சுவிட்ச் முன்னால் குந்தியிருந்தவர்களுக்கு அந்த ஆரஞ்சு விளக்கைத் தெரியும். போனில் "சார், மெயில் வரலை" என்று யாரோ சொல்லிக்கொண்டிருப்பார். நாமோ மனசுக்குள் நொடிகளை எண்ணிக்கொண்டிருப்போம். பச்சை வந்தால்தான் மூச்சு வரும். அப்படி நம்மைக் காக்கவைத்த பழைய ஸ்பேனிங் ட்ரீ நெறிமுறை 2004-இல் தரநிலையிலிருந்து நீக்கப்பட்டது. அதற்குப் பிறகும் பல அலுவலகங்களில் வருடக்கணக்கில் உழைத்துவிட்டுத்தான் ஓய்ந்தது.

டிஜிட்டல் நிறுவனத்தில் பணியாற்றிய ரேடியா பெர்ல்மன் 1985-இல் எழுதிய கட்டுரை அதை உலகுக்குச் சொன்னது. அந்த வழிமுறையை அவர் கவிதையாகவும் எழுதினார். ஈதர்நெட் பொட்டலத்துக்கு ஆயுள் கணக்கு கிடையாது. வளையத்தில் மாட்டினால் சுற்றிச் சுற்றிப் பெருகி, சில நொடிகளில் நெட்வொர்க்கையே மூழ்கடித்துவிடும். ஆனாலும் ஒன்று அறுந்தால் உதவ இன்னொரு கேபிள் வேண்டுமே! கேபிள் எத்தனை இருந்தாலும் பாதை ஒன்றுதான், மிச்சமெல்லாம் தூங்கட்டும் என்றார் பெர்ல்மன்.

சுவிட்சுகள் 2 நொடிக்கு ஒருமுறை செய்தி அனுப்பும். 20 நொடி சேதி வராவிட்டால் பழைய பாதை போய்விட்டதென்று முடிவு. பிறகு 15 நொடி கேட்டல், 15 நொடி கற்றல். ஆக 50. எந்தச் சுவிட்சுக்கும் முழு நெட்வொர்க்கும் தெரியாது. மாற்றம் கடைக்கோடிவரை போய்ச் சேருமுன் ஒரு போர்ட் திறந்தால் வளையம் விழுந்துவிடும். அதனால்தான் அந்தப் பொறுமை. அன்று திட்டியவர்களில் நானும் ஒருவன். அது செய்தது சரி என்று இன்று சொல்கிறேன்.

குரல் அழைப்புகள் நெட்வொர்க்கில் ஏறிய பிறகு 50 நொடியைப் பொறுக்க ஆளில்லை. பக்கத்துச் சுவிட்சைக் கேட்டு, பதில் வந்ததும் திறக்கும் வேகமான வாரிசு 2001-இல் வந்தது. இன்றைய டேட்டா சென்டர்களில் கேபிள் தூங்குவதே அபூர்வம். எல்லா இணைப்பிலும் டிராஃபிக்கைப் பங்கிடுகிறார்கள். அங்கும் முதலில் ஒரு கோளாறு இருந்தது. ஒவ்வொரு தரவு ஓட்டத்துக்குமான எண்ணை இணைப்புகளின் எண்ணிக்கையால் வகுத்து மீதியைப் பார்த்துப் பங்கிட்டதால், 4-இல் ஒன்று செத்து 3 ஆனதும் சம்பந்தமில்லாத ஓட்டங்களும் இடம்மாறின. இப்போது செத்த இணைப்பில் இருந்தவற்றை மட்டும் நகர்த்தக் கற்றிருக்கிறோம்.

நான் வேலைபார்த்த ஓர் அலுவலகத்தில், அந்த 50 நொடித் தாமதம் பிடிக்காமல் ஒருவர் ஸ்பேனிங் ட்ரீயை அணைத்துவிட்டார். அடுத்த வாரம் யாரோ ஒரே கேபிளின் இரண்டு முனையையும் ஒரே சுவிட்சில் செருகிவிட்டார்கள். ரேக் முழுக்க விளக்குகள் வெறிபிடித்ததுபோல ஒரே சீராகத் துடித்தன. ஒவ்வொரு கேபிளாகப் பிடுங்கிக் கண்டுபிடிக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று.

உங்கள் ரேக்கில் ஏதாவது ஒரு பழைய சுவிட்சில் பழைய ஸ்பேனிங் ட்ரீ இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், வேகமான வாரிசுக்கு மாற்றுங்கள். தயவுசெய்து அணைத்து மட்டும் விடாதீர்கள்.