விதையை எடை போட்ட குடும்பம்

ஒசூர் வட்டாரத்தில் தொழிற்பேட்டை மதில்களைத் தாண்டிச் சென்றால் ராகிக் கொல்லைகளையும் தக்காளித் தோட்டங்களையும் காணலாம். சென்ற ஆண்டுக் கதிரிலிருந்து எடுத்து வைத்த ராகியை விதைப்போர் இன்றும் உண்டு. வீரிய ஒட்டுத் தக்காளி பயிரிடுபவரோ ஒவ்வொரு பருவத்திலும் புது விதை வாங்குகிறார். எல்லைக்கு அப்பால் பெங்களூரில் 1965இல் தொடங்கிய இந்தோ-அமெரிக்கன் ஹைபிரிட் சீட்ஸ் நிறுவனம், 1973இல் வீரிய ஒட்டுத் தக்காளியை வெளியிட்டது. வீட்டுக் குதிரில் இருந்த விதை கடைக்குப் போனது எப்படி? இதனை அறிய, பிரெஞ்சு நாட்டு விதைக் குடும்பம் ஒன்றின் வரலாற்றைக் காண்போம்.

ஆறு தலைமுறைகள்

பதினெட்டாம் நூற்றாண்டில் பாரிஸ் நகரில் கிளோட் ஜெஃப்ராய் என்ற பெண்மணி விதைக் கடை நடத்தி வந்தார். அவருடைய கணவர் பியர் ஆன்றியூ தாவர இயல் அறிந்தவர். இவர்களின் மகள் 1774இல் வில்மோரின் என்பவரை மணந்தார். அன்று தொட்டு ஆறு தலைமுறைகள் இக்குடும்பத்தார் விதைத் தொழிலில் ஈடுபட்டனர். நகருக்கு அருகில் வெரியேர் என்ற ஊரில் அவர்களுடைய பண்ணை இருந்தது.

மூன்றாம் தலைமுறையினரான லூயி த வில்மோரின் (1816-1860) பீட் கிழங்கை ஆராய்ந்தார். நாம் சமைக்கும் பீட்ரூட்டின் உறவான வெள்ளைக் கிழங்கு இது. ஐரோப்பாவில் இதிலிருந்தே சர்க்கரை எடுக்கிறார்கள். ஆனால் எந்தக் கிழங்கில் சர்க்கரை மிகுதி என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாதே!

ஆர்க்கிமிடீசின் உதவி

நெல் விதையை உப்பு நீரில் இட்டு, மிதக்கும் பதரை நீக்குவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். லூயியும் முதலில் உப்புக் கரைசலையே நாடினார். பின்னர் நுட்பமான வேறொரு முறையைக் கையாண்டார். கிழங்கிலிருந்து சிறு துண்டு எடுத்துச் சாறு பிழிந்தார். அச்சாற்றில் ஒரு வெள்ளிக் கட்டியை அமிழ்த்தி எடை பார்த்தார். திரவத்தில் மூழ்கிய பொருள், தான் விலக்கிய திரவத்தின் எடைக்குச் சமமான எடையை இழக்கும் அல்லவா? ஆகவே எடை இழப்பு மிகுந்தால் சாற்றின் அடர்த்தி மிகுதி, சர்க்கரையும் மிகுதி.

பீட் செடி முதலாண்டில் கிழங்கு வைத்து, மறு ஆண்டில் பூத்து விதை தரும். எனவே துண்டு எடுத்த கிழங்கையே மீண்டும் நட்டு விதை பெற முடிந்தது.

இங்கேதான் அவர் ஒரு புதுமை செய்தார். நல்ல கிழங்குகளின் விதைகளை ஒன்றாகக் கலக்காமல், தாய்ச்செடி வாரியாகத் தனித்தனியே விதைத்துப் பதிவு செய்தார். சம இனிப்புள்ள இரண்டு தாய்ச்செடிகளில் ஒன்றின் வழித்தோன்றல்கள் இனிப்பாகவே இருந்தன. மற்றதன் வழித்தோன்றல்கள் பலவாறாகப் பிரிந்தன. செடியின் தரத்தை அதன் சந்ததியைக் கொண்டே மதிப்பிட வேண்டும் என்பது தெளிவாயிற்று. 1856இல் இதனை அவர் வெளியிட்டார். மெண்டலின் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது 1866இல்தான்! சர்க்கரை பீட் தொழில் தொடங்கிய காலத்தில் சுமார் 6 சதவீதமாக இருந்த சர்க்கரை, பலருடைய தொடர்ந்த தேர்வினால் இன்று 16 முதல் 18 சதவீதம் வரை உயர்ந்துள்ளது.

லூயியின் மகன் ஹென்றி கோதுமை வகைகளை ஒட்டுச் சேர்த்தார். பேரன் பிலிப் 1911இல் பாரிசில் அனைத்துலக மரபியல் மாநாட்டை நடத்தினார். பின்னர் நிறுவனம் குடும்பத்தின் கையை விட்டுச் சென்றது. 1975இல் லிமாக்ரேன் என்ற உழவர் கூட்டுறவு அமைப்பு அதனை வாங்கியது.

தக்காளிக்கு வருவோம்

வீரிய ஒட்டு என்பது வேறுபட்ட இரு பெற்றோர் வழிகளின் முதல் தலைமுறை. அது ஒரே சீராகக் காய்க்கும். அதன் விதையை எடுத்து விதைத்தால் பண்புகள் பிரிந்து செடிகள் பலவாறாக வளரும். 2001ஆம் ஆண்டின் பயிர் வகைகள் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், தம் விளைச்சலிலிருந்து விதை எடுத்து வைக்க உழவருக்கு உரிமை தருகிறது. சட்டம் தடுக்கவில்லை, மரபியல் தடுக்கிறது! பெற்றோர் வழிகளைக் கையில் வைத்திருப்பவரே விதைக்கு உரியவராகிறார்.

ராகி அப்படியன்று. தன் மகரந்தத்தால் தானே கருவுறும் பயிராகையால், அதன் குணம் பெரும்பாலும் மாறாமல் தொடரும். உங்கள் வீட்டில் ராகி பயிரிடுகிறீர்களா? நல்ல கதிர்கள் பத்தைத் தேர்ந்து தனித்தனியே முடிந்து வையுங்கள். அடுத்த பருவத்தில் தனித்தனி வரிசையில் விதைத்து, நோட்டில் குறித்து வாருங்கள். லூயிக்கு வெள்ளிக் கட்டி வேண்டியிருந்தது. உங்களுக்கு ஒரு தராசு போதும்.