பனகல் பூங்காவும் பட்டுப் போட்டியும்

மாம்பலத்து நெடிய ஏரியின் ஒரு பகுதியைத் தூர்த்து 1920களில் உருவாக்கப்பட்ட தியாகராய நகரில், காஞ்சிபுரத்தைச் சேர்ந்த நல்லி சின்னசாமி செட்டியார் 1928இல் பட்டுக்கடை திறந்தபோது அப்பகுதி வீடுகள் எழுந்துகொண்டிருந்த புறநகராகவே இருந்தது. 1955இல் குமரன் சில்க்ஸ் தோன்றிய பின் அங்குள்ள பனகல் பூங்காவின் சுற்றுப்புறம் பட்டு வணிகத்தின் களமாக மாறத் தொடங்கியது.

இக்கடைகளின் போட்டிக்கு அடிப்படையாக இருந்தது காஞ்சிபுரத்துத் தறி. உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில் அமைய வேண்டுமானால் ஊடை இழையைச் செலுத்தும் நாடாக்கள் மூன்று தேவை. நெசவாளர் ஒருபுறமும் உதவியாளர் மறுபுறமும் அமர்ந்து, உடலின் ஊடையும் கரையின் ஊடையும் சந்திக்கும் இடத்தில் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளுமாறு வரிக்கு வரி நெய்வதே கோர்வை எனப்படும். கரையைக் கிழித்தாலும் உடலிலிருந்து பிரியாது என்ற நம்பிக்கையின் மீதே பட்டின் மதிப்பு நின்றது.

வடிவமைப்பில் முதல் பெருந்திருப்பம் கடைவீதியிலிருந்து வரவில்லை. ருக்மிணி தேவி 1936இல் அடையாறில் நிறுவிய கலாக்ஷேத்ராவின் நெசவுக்கூடம், பழைய சேலைகளின் அகன்ற கரைகளையும் எடுப்பான நிற முரண்களையும் மீட்டெடுத்தது. சபாக்களில் அமரும் மயிலாப்பூர்ப் பெண்களின் ரசனையை மாற்றியதில் அதற்கிருந்த பங்கு விளம்பரங்களின் பங்கைவிடப் பெரிது எனலாம்.

தென்மாவட்டக் கடைகள் பூங்காவை அடைந்ததும் போட்டியின் தன்மையே மாறியது. 1923இல் ஸ்ரீவில்லிபுத்தூரில் தொடங்கிய போத்தீஸ் 'சாமுத்ரிகா' என்று பட்டுக்குப் பெயர் சூட்ட, 1924இல் திருநெல்வேலியில் தொடங்கிய ஆர்எம்கேவி ஐம்பதாயிரம் வண்ணங்கள் கொண்ட சேலையை அறிவித்தது. திருப்பூரிலிருந்து வந்த சென்னை சில்க்ஸ், ரவி வர்மாவின் 11 ஓவியங்களை நெய்து ஏறத்தாழ 40 லட்சம் ரூபாய் மதிப்பில் 2008இல் வெளியிட்ட 'விவாஹா' சேலை, உடுத்துவதற்கன்றிச் சாதனைக்காகவே பிறந்தது என்பதில் ஐயமில்லை.

ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன் அமெரிக்கக் கலைக் கண்ணாடித் தொழிலிலும் பெயரே ஆயுதமாயிற்று: டிஃபானி 'ஃபாவ்ரில்' என்றும், ஸ்டூபன் நிறுவனத்தின் ஃபிரடெரிக் கார்டர் 'ஆரீன்' என்றும் தத்தம் ஒளிர்வண்ணக் கண்ணாடிக்குப் பெயரிட்டனர், 1913இல் கார்டரின் நிறுவனத்தின் மீது டிஃபானி தொடுத்த வழக்கு மறு ஆண்டே கைவிடப்பட்டது. அங்கே ஒவ்வொருவருக்கும் சொந்த உலை இருந்தது. இங்கோ ஒரே காஞ்சி நெசவாளரின் தறி போட்டியிடும் இரு கடைகளுக்கும் நெய்யக்கூடும் என்பதால், தாழம்பூ ரேக்கை, அதாவது தாழை மடலை ஒத்த கூர்நுனிக் கரையை, யாரும் தமதென்று உரிமை கோர இயலாது. சேலைப் பெட்டியில் கடையின் பெயர் உண்டு, நெய்தவர் பெயர் இல்லை. 2005-06இல் கிடைத்த புவிசார் குறியீடும் எந்தக் கடைக்குமன்றிக் காஞ்சிபுரம் என்ற ஊரின் பெயருக்கே வழங்கப்பட்டது.